தையல் பிரிவுக்குச் சங்கப் பிரதிநிதியாகியிருக்கிறேன்: விசாரணையில் என் வேலை என்ன?

கேள்வி (தையல் லைன், ராணிப்பேட்டை)

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணி ஆலையில் அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அறுநூறுக்கும் மேற்பட்டோர் உள்ள ஆலை, பெரும்பாலோர் பெண்கள். அண்மையில் எங்கள் பிரிவுக்குச் சங்கப் பிரதிநிதியாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசியதாக என் லைனில் ஒருவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. விசாரணையில் நான் அவருடன் உட்காரலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்கிறது நிர்வாகம். இது சரியா? முறையான பயிற்சி எங்கே கிடைக்கும்? சங்கத்தில் கேட்டால், போகப் போகத் தெரிந்துவிடும் என்கிறார்கள்.

பதில் 1 (தொழிலாளர் வழக்கறிஞர், வேலூர்)

முதலில் உங்கள் ஆலையின் நிலையாணைகளை, அதாவது வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கு நடவடிக்கை முறையையும் சொல்லும் விதிகளை, கேட்டு வாங்குங்கள். விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாக யார் வரலாம் என்பதை நிலையாணைகள் வரையறுக்கலாம் என்று 1992இல் கிரசென்ட் டைஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே விடை நிர்வாகத்தின் வாய்மொழியில் இல்லை, அந்த ஏட்டில்தான் இருக்கிறது. நிலையாணைகளைத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் நுழைவாயில் அருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்றது 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம். எத்தனை ஆலைகளில் ஒட்டினார்கள் என்பது வேறு கதை. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தில் நிலையாணை விதிகள் 300 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே பொருந்தும். நீங்கள் அந்த வரம்புக்குள் வருகிறீர்கள்.

துணையாக அனுமதிக்கப்பட்டவர் வெறும் பார்வையாளர் அல்லர். நிர்வாகத் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும், ஏற்க முடியாத கேள்விக்கு மறுப்புத் தெரிவித்து அதை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்வதும் அவர் வேலை. பேச விடாமல் தடுத்தால், தடுத்ததையே எழுத்தில் பதியச் சொல்லுங்கள். பின்னாளில் தொழிலாளர் நீதிமன்றத்தில் அதற்குத்தான் மதிப்பு. அன்றன்றைய குறிப்பைப் படித்துப் பார்த்துப் பிரதி பெறாமல் யாரும் கையெழுத்திட வேண்டாம். அவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருந்தால், முதல் 90 நாள்களுக்குப் பாதி ஊதியம் பிழைப்பூதியமாக வர வேண்டும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற ஃபிட்டர், வாலாஜா)

அம்மா, வழக்கறிஞர் சொன்னது விசாரணை நாளுக்கு. அதற்கு முந்தைய வேலையே பெரிது என்பேன். சம்பவம் நடந்த நேரம், அருகில் இருந்தவர்கள், சூப்பர்வைசர் பயன்படுத்திய சொற்கள் ஆகியவற்றை அந்தப் பெண்ணிடம் பொறுமையாகக் கேட்டு, நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். விளக்கக் கடிதத்தைக் கோபத்தில் எழுத விடாதீர்கள். தேவையானால் கூடுதல் அவகாசமும், ஆவணங்களின் நகலும் எழுத்தில் கேளுங்கள்.

பயிற்சிக்கு, 1958இல் தொழிலாளர் கல்விக்கென மத்திய அரசு தொடங்கிய வாரியம் இருக்கிறது; இப்போது தொழிற்சங்கத் தலைவர் தத்தோபந்த் தெங்கடி பெயரைத் தாங்கியுள்ளது. சங்கத்தின் மூலம் விண்ணப்பியுங்கள். ஆனால் வகுப்பில் சட்டங்களின் பெயரும் ஆண்டும் மனத்தில் தங்குமே தவிர, எதிரே அதிகாரி அமர்ந்திருக்கையில் குரல் நடுங்காமல் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே வராது. சங்க அலுவலகத்திலேயே ஒருவர் விசாரணை அதிகாரியாகவும், ஒருவர் சாட்சியாகவும் அமர்ந்து ஒத்திகை பாருங்கள். போகப் போகத் தெரியும் என்பவர்கள், தெரிவதற்குள் வேலையை இழந்தவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

பதில் 3 (லெதர் தொழிலாளி, ஆம்பூர்)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை, பெண்களுக்கு உரிய விகிதத்தில் இடம். எங்கள் பக்கத்தில் சூப்பர்வைசருக்கு வேண்டியவர்களையே தொழிலாளர் தரப்பு உறுப்பினராகக் காட்டிய குழுக்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆலைக் குழுவில் யார் யார் என்று எழுத்தில் கேளுங்கள். வந்த புகாரைக் குழு 30 நாள்களில் விசாரித்து முடிக்க வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் 60 நாள்களுக்குள் சங்கத்தின் வழியாகச் சமரச அலுவலரிடம் போகலாம். திண்டுக்கல்லில் 2022இல் ஓர் ஆடை ஆலையில் பெண்கள் தலைமையிலான சங்கம் செய்துகொண்ட உடன்படிக்கையில், பாலியல் தொல்லையைக் கண்காணிக்கத் தொழிலாளர்களுக்கே பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. நம் காலணி ஆலைகளில் அப்படி ஒன்றைக் கோரிக்கைப் பட்டியலில் வைக்க உங்கள் சங்கம் தயாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.