அடிமைமுறை ஒழிந்த நாளுக்கு விடுமுறை வேண்டாமா?

கேள்வி (பென்னாகரம்): அமெரிக்காவில் 2021 முதல் ஜூன் 19 தேசிய விடுமுறை. 1865-ல் அன்றுதான் டெக்சாஸின் கால்வெஸ்டனில் அடிமைகளின் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டது. லிங்கன் பிரகடனம் வந்து இரண்டரை வருஷம் கழித்து! நம் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976. அதற்கும் ஒரு விடுமுறை நாள் வேண்டாமா? முன்பணம் முந்நூறு ரூபாய்க்காக எங்க தாத்தா கிருஷ்ணகிரி பக்கம் குவாரியில் பதினோரு வருஷம் ஜல்லி உடைத்தார்.

பதில் (பாலக்கோடு): லீவு விட்டா செங்கல் சூளைக்காரங்களுக்கு அன்னைக்குக் கூலி போயிடும் தம்பி. பிப்ரவரி 9 கொத்தடிமை ஒழிப்பு நாள்னு ஆபீஸ்ல எடுக்கிற உறுதிமொழியைச் சூளையிலயே வாசிக்கட்டும்.

பதில் (ஊத்தங்கரை): ரெண்டும் வேணும். பிள்ளைங்க ஏன் லீவுன்னு கேட்பாங்கல்ல?

கேட்டவர்: கூலியோட லீவுதான் கேக்கறேன் அண்ணா. சட்டம் வந்ததுமே கொத்தடிமைக் கடன் ரத்து. தாத்தாவுக்கு அது தெரிஞ்சது 1981-ல. அதுவரைக்கும் உடைச்சுக்கிட்டேதான் இருந்தார்.