புதுப்பிப்பு: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பதக்கம்

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் தாத்தா தவறிவிட்டார், அவருடைய பட்டாளத்துப் பெட்டியில் நட்சத்திர வடிவப் பதக்கம் ஒன்று இருந்தது, என்னவென்று தெரியவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அது பூர்வி ஸ்டாரேதான். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது.

நேற்று கருமாதி. ஒரத்தநாட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் தாத்தாவோடு இருந்தவராம். ஆற்றுக்கு ஆறு பாலம் போடுவதுதான் இவர்கள் வேலை. "தண்ணியப் பாத்தே ஆழம் சொல்லிடுவாரு தம்பி. கேட்டா, நான் பாமணி ஆத்துல நீந்துனவன்பாரு."

பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தது டிசம்பர் 16. நம் ஊர்க் கணக்கில் மார்கழி ஒன்று. வருஷாவருஷம் அன்றைக்குத் தாத்தா கோயில் பொங்கல் வாங்கிவந்து, இரண்டு உருண்டை மட்டும் தனியே வாய்க்கால் கரையில் வைப்பார். காக்காய்க்கு என்றுதான் அப்பாயி நினைத்திருந்தது. பெரியவர் சொன்னார், ஒரு பாலத்திலிருந்து இரண்டு பேர் திரும்பவில்லையாம். அப்பாயி ஒன்றும் பேசவில்லை, அவருக்கு இன்னொரு வாய் காபி ஊற்றியது.

குடும்ப ஓய்வூதியத்துக்கு பிபிஓ (ஓய்வூதிய ஆணை) நகலைத் தேடச் சொன்னீர்களே, அதுவும் கிடைத்துவிட்டது. மேட்டூர் அணை திறந்த தேதிகளை எழுதிவைத்த நோட்டுக்குள் மடித்திருந்தார். 2012-லிருந்து எட்டு வருஷம் எல்லாம் தாமதத் தேதிகள். 2020-ல் வழக்கமான ஜூன் 12. அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.