மட்டு பூச்சியமாகும் இடத்திலும் சார்பு வகையிடத்தக்கதாக இருக்குமா?

கேள்வி

நேற்று மாலையிலிருந்து ஒரே கணக்கில் நிற்கிறேன். சார்பு இது:

(எக்ஸ் − 2) × |எக்ஸ்² − 5எக்ஸ் + 6|

எந்தப் புள்ளிகளில் இது வகையிடத்தக்கதல்ல, அதாவது எங்கே வகைக்கெழு (சாய்வு) கிடையாது என்று கேட்டிருக்கிறார்கள். மட்டுக்குள், அதாவது குறை அடையாளத்தை நீக்கும் | | கோடுகளுக்குள், இருப்பதைக் காரணிப்படுத்தினால் (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3). அது 2-லும் 3-லும் பூச்சியம். மட்டு பூச்சியமாகும் இடத்தில் கூர்முனை வரும் என்று படித்திருப்பதால் இரண்டையும் எழுதினேன். விடைப் பக்கத்தில் 3 மட்டும்தான் இருக்கிறது. அச்சுப்பிழையா? பெருக்கும் இரண்டு சார்புகளில் ஒன்றை வகையிட முடியாது என்றால் பெருக்கற்பலனையும் வகையிட முடியாதுதானே?

பதில் 1

3-இல் தொடர்ச்சி விட்டுப் போகிறது, 2-இல் விட்டுப் போகவில்லை. அதனால் விடை 3.

பதில் 2

விடை சரி, காரணம் சரியில்லை. இந்தச் சார்பு எல்லா இடத்திலும் தொடர்ச்சியானது. தொடர்ச்சியான சார்புக்கு மட்டு போட்டால் தொடர்ச்சி ஒருபோதும் கெடாது. மறுதலைதான் பொய். குறை எண்களுக்கு −1, மற்றவற்றுக்கு 1 என்று ஒரு சார்பு எடுங்கள். அது 0-இல் தாவுகிறது, ஆனால் அதன் மட்டு எங்கும் 1.

கேட்டவருக்கு: அச்சுப்பிழை இல்லை. உங்கள் கடைசி வரியில்தான் சிக்கல். பெருக்கல் விதி என்ன சொல்கிறது? இரண்டும் வகையிடத்தக்கவை என்றால் பெருக்கற்பலனும் வகையிடத்தக்கது. அவ்வளவுதான். ஒன்று அப்படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அது எதுவுமே சொல்லவில்லை. விதியைப் பயன்படுத்த முடியவில்லை என்பதும் வகைக்கெழு இல்லை என்பதும் வேறு வேறு. இந்தப் பாடத்தில் நான் பார்த்த தவறுகளில் பாதி இதைக் கலந்துகொள்வதால் வருபவை.

விதி கைவிட்டால் வரையறைக்குப் போக வேண்டும். முதலில் எண்களை வைத்தே பார்த்துவிடலாம். 2-இல் சார்பின் மதிப்பு 0. எக்ஸ் 2.01 ஆனால் மதிப்பு 0.01 × 0.01 × 0.99 = 0.000099. அதை 0.01 ஆல் வகுத்தால் சாய்வு 0.0099. இடப்பக்கம் 1.99-இல் மதிப்பு −0.000101, அதை −0.01 ஆல் வகுத்தால் 0.0101. இன்னும் நெருங்கினால் இரண்டும் 0-க்கே போகின்றன. அங்கே தொடுகோடு கிடைமட்டமாக இருக்கிறது, கூர்முனையே இல்லை.

3-இலும் மதிப்பு 0. 3.01-இல் சாய்வு 1.0201, 2.99-இல் −0.9801. ஒரு பக்கம் 1-ஐ நோக்கி, மறுபக்கம் −1-ஐ நோக்கி. இங்கே கூர்முனை உண்டு.

இதன் பின்னால் இருக்கும் காரணம் எளிது. ஒரு தொடர்ச்சியான சார்பை |எக்ஸ் − அ| ஆல் பெருக்கினால், அ-வில் வலப்பக்க வகைக்கெழு அந்தச் சார்பின் மதிப்பு, இடப்பக்க வகைக்கெழு அதே மதிப்பு குறை அடையாளத்துடன். ஒரு எண்ணும் அதன் எதிர் எண்ணும் சமமாக இருக்க வேண்டுமானால் அது 0 ஆகத்தான் இருக்க வேண்டும். 2-இல் வெளியே நிற்கும் (எக்ஸ் − 2) அந்த 0-வைத் தருகிறது. 3-இல் அப்படித் தர யாரும் இல்லை.

கேட்டவர்

இப்போது புரிகிறது, மிக்க நன்றி. இதோடு சேர்த்து இன்னொன்று. சைன்|எக்ஸ்|, காஸ்|எக்ஸ்| இரண்டிலும் 0-இல் சங்கிலி விதி (சார்புக்குள் சார்பை வகையிடும் விதி) செல்லாது. இரண்டுக்கும் ஒரே முடிவுதானா?

பதில் 2

இல்லை. காஸ் இரட்டைச் சார்பு (எக்ஸின் அடையாளம் மாறினாலும் மதிப்பு மாறாதது) என்பதால் காஸ்|எக்ஸ்| என்பது காஸ் எக்ஸ்தான், எங்கும் வகையிடலாம். சைன்|எக்ஸ்| 0-க்கு வலப்பக்கம் சைன் எக்ஸ், இடப்பக்கம் அதன் குறை. சாய்வுகள் 1, −1. ஆக அது 0-இல் வகையிடத்தக்கதல்ல.

பதில் 3

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். பலர் மட்டைப் பிரித்து எழுதி, இரண்டு துண்டுகளையும் தனித்தனியே வகையிட்டு, புள்ளியைப் பிரதியிட்டுச் சமமா என்று பார்ப்பார்கள். அந்தப் புள்ளியில் சார்பு தொடர்ச்சியானதா என்று முதலில் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். 0-க்கு இடப்பக்கம் எக்ஸ், 0 முதல் வலப்பக்கம் எக்ஸ் + 1 என்று ஒரு சார்பு இருந்தால் இரு துண்டுகளின் சாய்வும் 1தான். ஆனால் 0-இல் சார்பு தாவுகிறது, வகைக்கெழு கிடையாது.

அப்புறம், கூர்முனை என்றால் அங்கொன்றும் இங்கொன்றும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். எங்கும் தொடர்ச்சியாக இருந்தும் எங்குமே வகையிட முடியாத ஒரு சார்பை 1872-இல் ஜெர்மன் கணிதவியலாளர் வையர்ஸ்ட்ராஸ் பெர்லினில் முன்வைத்தார். மட்டுக்கு நாம் போடும் இரண்டு நேர்கோடுகளும் அவர் கொண்டுவந்த குறியீடுதான்.

பதில் 2

கேட்டவர் இதையும் போட்டுப் பாருங்கள்: (எக்ஸ்² − 9) × |எக்ஸ்² − எக்ஸ் − 6|

கேட்டவர்

மட்டுக்குள் (எக்ஸ் − 3)(எக்ஸ் + 2). 3-இல் வெளியே இருப்பதும் 0, அதனால் அங்கே வகையிடலாம். −2-இல் வெளியே −5, மட்டில் மீதமுள்ள |எக்ஸ் − 3| அங்கே 5. வலப்பக்கம் −25, இடப்பக்கம் 25. விடை −2 மட்டும்.