'இன்டக்ரேட்டட் கேர் பாத்வே' – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
அன்பர்களுக்கு வணக்கம். செவிலியர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு நோயாளிக்கு யார், எப்போது, என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்லி, செய்ததை எழுதவும் இடம் தரும் படிவம்தான் 'இன்டக்ரேட்டட் கேர் பாத்வே'. தலைப்பில் 'ஒருங்கிணைந்த பராமரிப்புப் பாதை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர், மேலூர்:
பராமரிப்பு என்றால் நம் ஊரில் மாதாந்திர மின்தடை. 'பேணுநெறி' என்போம். வினைத்தொகை, பேணிய, பேணுகின்ற, பேணும் என முக்காலமும் அடங்கும். 'ஒருங்கிணைந்த'வும் மிகை. உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் நால்வகையும் கூடியதே மருத்துவம் என்று 950ஆம் குறளே சொல்லிவிட்டது. உழை என்றால் பக்கம்; உழைச்செல்வான், நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன். செவிலியரையும் 'உழையர்' ஆக்கிவிடலாமே!

செவிலியர் பயிற்றுநர், திருமங்கலம்:
உழையர் இருக்கட்டும் ஐயா. நெறி என்றதும் பிள்ளைகள் 'நெறிமுறை' என்று எடுத்துக்கொள்வார்கள். அது ப்ரோட்டோகாலுக்குப் போய்விட்டது. ப்ரோட்டோகால் என்ன செய்வது என்று சொல்லும். பாத்வே யார், எந்த மணிக்குள், யார் கையில் ஒப்படைப்பது என்று சொல்லும். பக்கவாதத்தைப் பாருங்கள். 108 வண்டி வந்ததும் நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. உடனே சர்க்கரை பார்த்து, சி.டி. எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்றால் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த 60 நிமிடத்துக்குள் ஊசி. விழுங்கும் சோதனை முடியாமல் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது மக்களைத் தேடி மருத்துவத்தின் பிசியோவுக்குச் சீட்டு. அந்தக் கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும்.

தமிழாசிரியர், மேலூர்:
ஆறு என்றாலே வழி. 'நலவாற்றுப்படை'?

பிசியோ, உசிலம்பட்டி:
சார், ஆற்றுப்படுத்துநர் என்றால் இப்போது கவுன்சிலர். நோயாளியை அங்கே அனுப்பிவிடுவார்கள்! எங்கள் பக்கத்துச் சொல் 'தடம்'. 'சிகிச்சைத் தடம்' என்றால் ஆயாம்மாவுக்கும் புரியும். படிவத்தில் உள்ளபடி நடக்காததைக் குறிக்கும் 'வேரியன்ஸ்' என்பதற்குத் 'தடப்பிறழ்வு' தானாகவே வந்துவிடும்.

மருத்துவர், மதுரை:
தடம் சரி, பிறழ்வு கூடாது. விழுங்கும் சோதனையில் தேறாதவருக்கு மூக்குக்குழாய் போடுவது தடத்திலிருந்து விலகுவதுதான், ஆனால் சரியான வேலை. பிறழ்வு என்று அச்சடித்தால் பயந்துபோய் யாரும் எழுதமாட்டார்கள். 'விலகல்' போதும்; பக்கத்தில் காரணம்: நோயாளி, பணியாளர், அமைப்பு என்று மூன்று கட்டம். மதிப்பீடு செய்யும்போது சி.டி. அறைக்குப் போன நேரமும் படம் எடுத்த நேரமும் தனித்தனியாக வேண்டும். இல்லாவிட்டால் தாமதம் ஸ்ட்ரெச்சரிலா, மெஷினிலா என்று தெரியாது. வார்டு கடிகாரமும் மெஷின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால், வருவதற்கு முன்பே படம் எடுத்ததாகக் கணக்கு வரும். படிவம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் டிஸ்சார்ஜ் அன்று உட்கார்ந்து நிரப்பியது. அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

தமிழாசிரியர், மேலூர்:
'விலகல்' போலவே 'விலக்கம்' என்று புள்ளியியலில் இருக்கிறது; குழப்பும். சிகிச்சையும் வடசொல்.

செவிலியர் பயிற்றுநர், திருமங்கலம்:
இருக்கட்டும் ஐயா. வார்டில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். 'கூட்டுச் சிகிச்சைத் தடம்' என்றால் 'ஒருங்கிணைந்த'வும் வந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
மூவர் தடம், ஒருவர் நெறி. தலைப்பு 'கூட்டுச் சிகிச்சைத் தடம்', உள்ளே 'விலகல்'. 'பேணுநெறி' கலைச்சொல் பட்டியலில் மாற்றுச்சொல்லாக வரும்.

தமிழாசிரியர், மேலூர்:
பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் போடுவீர்கள், யார் புரட்டுவார்? என் எதிர்ப்பு நிற்கிறது. 'உழையர்' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.