காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா? மதுரைக்குப் போகத்தான் வேண்டுமா?

மீனாள், கோட்டையூர் (காலை 6.50)
தம்பிக்கு 34 வயது. பதினோரு நாளாகக் காமாலை. ரத்தத்தில் மஞ்சளைக் காட்டும் பிலிருபின் 9, ஈரல் செல்கள் அடிபட்டதைக் காட்டும் எஸ்ஜிபிடி 1,100. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ வைரஸ் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. குடிப்பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டு ஐயா தினமும் விடியலில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கிறார்கள். உப்பில்லாப் பத்தியம் வேறு. டாக்டர் மதுரைக்குப் போய் ஈரல் மருத்துவரைப் பாருங்கள் என்கிறார். ஐயாவோ, "இந்த வளவில் எத்தனை பேருக்கு நான் காமாலையை இறக்கியிருக்கிறேன், மதுரை எதற்கு?" என்கிறார்கள்.

நேற்று ராத்திரி பட்டசாலை பல்ப் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மஞ்சள் குறைந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இன்று காலையில் அவனை வளவு முற்றத்து வெயிலில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி முழுக்க மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. யார் சொல்வதைக் கேட்பது?

சுப்பையா, பள்ளத்தூர் (7.25)
ஆச்சி, பயப்படாதீங்க. ஐயா கொடுப்பது சும்மா பச்சிலை இல்லை. 1988-ல் லான்செட் இதழிலேயே இந்தச் செடி வந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் சேர்ந்து எழுதியது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெபடைடிஸ் பி-யின் அடையாளம் ரத்தத்தில் இல்லாமல் போயிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. நம்ம ஊர் வரப்பில் முளைக்கிற செடியை நாமே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்?

வள்ளி, தேவகோட்டை (7.58)
சென்னையில் ஈரல் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். சுப்பையா அண்ணன் சொல்லும் கட்டுரை உண்மைதான். நம்ம சென்னையில் நடந்த வேலை என்று எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே செடியைத் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் கொடுத்துப் பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. அது மட்டுமில்லை, அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி-யை உடம்பில் நெடுநாளாகச் சுமக்கிறவர்களைப் பற்றியது. ஆச்சியின் தம்பிக்குத்தான் பி இல்லையே.

ஐயா இறக்கிய காமாலைகளில் பெரும்பாலானவை ஹெபடைடிஸ் ஏ-யாக இருந்திருக்கும். அழுக்குத் தண்ணீரில் வந்து, சில வாரங்களில் தானே போய்விடுவது. ஐயா பொய் சொல்லவில்லை, ஆறியதை ஆறியது என்று கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. வைரஸும் இல்லை, குடியும் இல்லை என்றால் இந்த ஈரலை அடித்தது எது? காமாலை வருவதற்கு முன்னால் இரண்டு மூன்று மாதமாகத் தம்பி என்னென்ன சாப்பிட்டார்? மாத்திரை, பொடி, லேகியம், எதையும் விடாமல் கேட்டுச் சொல்லுங்கள்.

மீனாள் (8.40)
கேட்டேன். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ கொடுத்த சீந்தில் பொடி. இரண்டு மாதமாகக் காலையில் ஒரு ஸ்பூன். அலமாரியில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. லேபிள் இல்லை, தேதி இல்லை. முக்கால்வாசி காலி.

வள்ளி (8.52)
அதை இப்போதே நிறுத்துங்கள். இனி ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கீழாநெல்லியையும் நிறுத்துங்கள், எது என்ன செய்கிறது என்று டாக்டருக்குக் குழப்பம் வரக்கூடாது. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்டு ஈரல் கெட்ட 6 பேரைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த வருடம் இந்தியாவின் பல மருத்துவமனைகளைச் சேர்த்து 43 பேரைப் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. பலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் ஈரலைத் தாக்குவது போன்ற பாதிப்பு. அப்படி இருந்தால் அந்த எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து தேவைப்படலாம். ஈரலில் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி பார்த்து ஈரல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுப்பையா (9.20)
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சித்தா, ஆயுர்வேதத்தைக் கவனிக்கும் மத்திய ஆயுஷ் அமைச்சகம் அப்போதே மறுப்புச் சொன்னது. அந்த 6 பேர் சாப்பிட்டது சீந்தில்தானா, அதைப் போலவே இருக்கும் வேறு கொடியா என்று சோதிக்கவே இல்லை என்றது. தப்பான கொடியை அரைத்துவிட்டு சீந்திலைத் திட்டுவதா? பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் போகவில்லையா? காசநோய் மாத்திரையில் காமாலை வரவில்லையா? அதற்காக அலோபதியையே யாரும் ஒதுக்கவில்லையே.

வள்ளி (9.41)
வருகிறது அண்ணே. காசநோய் மாத்திரையில் காமாலை வந்த பிள்ளைகளை என் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பது அட்டையில் இருக்கிறது. உடனே நிறுத்தலாம். பாராசிட்டமால் என்றால் அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. இந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருப்பது என்ன கொடி என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. தப்பான கொடி என்றே வைத்துக்கொண்டாலும், போனது நிஜ ஈரல்தானே?

ஆச்சி, இன்றைக்கே ஐஎன்ஆர் பாருங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை. உறைய வைக்கும் புரதங்களை ஈரல்தான் செய்கிறது, அது சோர்ந்தால் இந்த எண் ஏறும். எஸ்ஜிபிடி இறங்கிவிட்டது என்று மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஈரல் செல்கள் செத்துத் தீர்ந்தாலும் அது இறங்கும். ஐஎன்ஆர் 1.5-க்கு மேல் போய், பேச்சு குழறினாலோ பகலில் அசந்து தூங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். அப்புறம், உப்பில்லாக் கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். ஈரல் ஆறுவதற்குச் சாப்பாடு வேண்டும்.

இராமநாதன், கண்டனூர் (10.15)
எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சர்க்கரையும் கொழுப்பு ஈரலும் சேர்ந்து, ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் ஆனது. கத்தியே வைக்காமல் குணமாக்குகிறேன் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஏழு மாதம் கசாயம் கொடுத்தோம். வயிற்றில் தண்ணீர் கோத்து, கடைசியில் மாற்று ஈரல்தான் என்றார்கள். தமிழ்நாட்டில் 2008-லிருந்தே மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத் திட்டம் நன்றாக நடக்கிறது. ஆனால் வரிசையில் காத்திருக்க அப்பச்சிக்கு நாள் இல்லை. என் ஈரலின் வலப்பக்கத்தைக் கொடுத்தேன், ஏறக்குறைய 60 சதவீதம். கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டிலிருந்து ஐந்து பேர் வரை இறக்கும் அபாயம் உண்டு என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆத்தா அன்று ராத்திரி முழுக்க என் கையை விடவில்லை. சில மாதத்தில் ஸ்கேனில் என் ஈரல் பழைய அளவுக்குப் பக்கத்தில் வளர்ந்திருந்தது. அப்பச்சி இப்போது முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். அந்த ஏழு மாதம்தான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. ஆச்சி, கிளம்புங்கள்.

சுப்பையா (10.32)
கீழாநெல்லியைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் லேபிள் இல்லாத பொடியை நான் என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். போய் வாங்க ஆச்சி. பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கொடி எதுவென்று சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். எனக்கும் தெரிய வேண்டும்.

மீனாள் (பகல் 1.10)
ஐஎன்ஆர் 1.8. தம்பி தெளிவாகப் பேசுகிறான், பசிக்கிறது என்கிறான். திருப்பத்தூர் தாண்டிவிட்டோம். ஐயாதான் பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து காரில் வைத்தார்கள். ஒன்றும் பேசவில்லை, அவனுக்குத் திருநீறு பூசிவிட்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.