ஜிப்சி, டிராவலர் இளைஞருக்கு அப்ரண்டிஸ் பாதையா, நேரடிச் சான்றிதழா?

உளி: 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களை ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர் (ஊர் ஊராக நகர்ந்து வாழும் மரபுள்ள சமூகங்கள்) என்று பதிந்த, 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களில் 56.9 சதவீதம் பேரிடம் எந்தக் கல்விச் சான்றும் இல்லை. மொத்த மக்களில் அது 18.2 தான். ஆனால் கூரை வேலை, மரம் வெட்டுதல், தரைக்கல் பதித்தல் எல்லாம் பலருக்கு வீட்டிலேயே கைவந்தவை. இவர்களுக்கு அப்ரண்டிஸ் (கூலியோடு தொழில் பழகும் பயிற்சி) வாசலை அகலத் திறக்க வேண்டும்.

சாந்து: நோக்கம் சரி, வழி சரியில்லை. செங்கல் கட்டத் தெரிந்த 17 வயதுப் பையனுக்கு அப்ரண்டிஸ் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 7.55 பவுண்ட் (2025 ஏப்ரல் விகிதம்) என்றால், 30 மணி நேரத்துக்கு 226.50. அதோடு அவன் பெயரில் தாய்க்கு வந்த சைல்டு பெனிஃபிட்டும் (பிள்ளைக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் உதவித்தொகை) நின்றுபோகும். மூத்த பிள்ளையென்றால் 2025-26 விகிதப்படி வாரம் 26.05 பவுண்ட். அதே பையன் கல்லூரியில் முழுநேரம் படித்தால் நிற்காது. வேலைத்தளத்திலேயே மதிப்பிட்டுத் தரும் என்.வி.கியூ. (தொழில்திறன் சான்றிதழ்) இரண்டாம் நிலை போதும். மதிப்பீட்டாளர் நேரில் பார்ப்பார், படங்களைச் சான்றாகச் சேர்ப்பார், கட்டுமானத் தளத்தில் திறனைக் காட்டும் நீல சி.எஸ்.சி.எஸ். அட்டைக்கு வழி பிறக்கும்.

உளி: அது ஏற்கெனவே தளத்தில் வேலை செய்பவருக்கு. பெரிய கட்டுமானத் தளங்களில் அட்டையில்லாமல் வாசலையே தாண்ட முடியாதே, சான்று எங்கே சேர்ப்பது? முடிதிருத்தம், முதியோர் பராமரிப்பு என்று போக நினைக்கும் பெண்பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது?

கோப்பு: இருவரும் வாசற்படியான ஆவணங்களை விட்டுவிட்டீர்கள். பெற்றோர் சைல்டு பெனிஃபிட் கோரியிருந்தால் 16 வயதை ஒட்டித் தேசியக் காப்பீட்டு எண் (வேலைக்கும் வரிப் பதிவுக்கும் வேண்டிய எண்) தானாக வரும். கோராத வீட்டுப் பிள்ளை தானே விண்ணப்பிக்க வேண்டும். முகாம் மாறியிருந்தால் கடிதம் பழைய விலாசத்தில் கிடக்கும். அதனால் வேலை கேட்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்று நிறுவனம் திருப்பி அனுப்பினால் அது தவறு: பிரிட்டிஷ் பிறப்புச் சான்றும், அந்த எண் அச்சிட்ட அரசு ஆவணமும் சேர்ந்தாலே வேலைசெய்யும் உரிமையைக் காட்டப் போதும்.

சாந்து: ஆவணம் கிடைத்தாலும் ஆங்கிலம் தடுக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து 19 வயதிலோ அதற்கு மேலோ அப்ரண்டிஸாகச் சேர்பவருக்கு ஆங்கிலம், கணிதத் தேர்ச்சி கட்டாயமில்லை, முதலாளி விருப்பம். 16 முதல் 18 வரை கட்டாயம். இவர்கள் வேலைக்கு வருவதோ அந்த வயதில்தான்! வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் தேற வேண்டும். பேச்சில் தேறிவிடுவார்கள். எழுத்தில் சிக்குவார்கள், ஏனென்றால் அங்கே எழுத்துப்பிழைத் திருத்தி கிடையாது.

உளி: அதற்குத்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறேன். வீட்டுக்கல்வியில் இருக்கும் 14, 15 வயதினரை அரசு நிதியில் பகுதிநேரமாகச் சேர்க்கக் கல்லூரிகளுக்கு அனுமதி உண்டு. அங்கே எழுத்துப் பயிற்சியை மரவேலைக் கூடத்தோடு இணைத்து, வெட்டுப் பட்டியலை எழுதவைத்தால் போதும்: பலகை எத்தனை, நீளம் என்ன, வீண் எவ்வளவு. இந்தச் சமூகத்தார் ஜூனில் கூடும் ஆப்பிள்பி குதிரைச் சந்தைக்குப் போவதையும் பயிற்சித் திட்டம் கையெழுத்தாகும்போதே சட்டப்படி கிடைக்கும் 5.6 வார ஆண்டு விடுப்பில் குறித்துவிடலாம். குறிக்காமல் போனால் வராத நாளாகிறது, தகராறாகிறது, பையன் நின்றுவிடுகிறான்.

சாந்து: விடுப்பு சரி, வெட்டுப் பட்டியலும் சரி. ஆனால் அந்தக் குறைந்த கூலிதான் சிக்கல். அந்தத் தொகையை உயர்த்தாத வரை நான் என்.வி.கியூ. பக்கம்தான்.