சிடிஏ சான்றிதழுக்கு டீச் உதவித்தொகை பெற்றவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் உதவி ஆசிரியையாக இருக்கும் நான், என் முதல் தகுதிச் சான்றான சிடிஏவுக்கு (சிறு குழந்தைகளைப் பராமரித்துக் கற்பிப்பவர்களுக்கான சான்றிதழ்) தேவையான 120 மணி நேரப் பயிற்சியையும் 480 மணி நேரப் பணி அனுபவத்தையும் முடித்துவிட்டேன். மூன்று வயதுப் பிள்ளைகள் மாவை உருட்டி விளையாடியபடியே எண்ணக் கற்றதை எழுதிச் சேர்த்த கோப்பும் தயார். மதிப்பீட்டுக் கட்டணம்தான் மலைப்பாக இருக்கிறது.

இப்படிப்பட்ட காப்பக ஆசிரியர்கள் படித்துத் தகுதி பெற உதவும், 1990இல் வட கரோலினாவில் தொடங்கிய டீச் உதவித்தொகை எங்கள் மாநிலத்திலும் உண்டு. அது செலவின் பெரும்பகுதியை ஏற்று, முடித்தவருக்கு ஊக்கத்தொகையோ ஊதிய உயர்வோ கிடைக்கச் செய்து, பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் அதே காப்பகத்தில் பணிபுரியச் சொல்கிறது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் என் கணவருக்கு வேலை மாற்றம் வரக்கூடும்.

இடையில் விலக நேர்ந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கட்டினீர்களா, ஊக்கத்தொகை எப்போது கைக்கு வந்தது என்பதைச் சொன்னால், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் தெளிவாக முடிவெடுப்பேன்.